குறுவை எப்படிப் பரவுகிறது? காவிரிப் படுகையில் சமூக இயற்பியல் ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே ஆற்றில் பிரியும் இரண்டு வாய்க்கால்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாய்க்காலில் வயலுக்கு வயல், ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்லான குறுவையின் நடவு முடிந்திருக்கும். அடுத்த வாய்க்காலில் ஒருவர்கூட நாற்று விட்டிருக்க மாட்டார். அடுத்த நெல் பருவமான சம்பா வரைக்கும் நிலம் புல் மண்டிக் கிடக்கும். மண்ணில் பெரிய வேறுபாடு இல்லை, தண்ணீர் வந்த நாளும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒவ்வொரு விவசாயியையும் தனித்தனியாகக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அத்தனை காரணங்களையும் கூட்டிப் பார்த்தாலும் அந்த வேறுபாடு விளங்காது. ஒருவருடைய முடிவு அடுத்தவருடைய முடிவை எப்படித் தொடுகிறது என்று பார்த்தால்தான் விளங்கும்.

தொட்டுக்கொண்டிருக்கும் பல சிறு பொருள்கள் சேர்ந்து எப்போது ஒரே திசையில் திரும்பும் என்பதைக் காந்தத்தை வைத்து ஆராய்ந்த இயற்பியலுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். திட்டக்கட்டுரைக்குத் தலைப்பு தேடி நீங்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு சைக்கிள், ஒரு மடிக்கணினி, ஒரு பருவம் முழுக்கப் பொறுமை ஆகியவை போதும்.

இந்தத் துறையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்து வானியலாளர் அடால்ஃப் கெத்லே 1835-இல் பிறப்பு, இறப்பு, குற்றம் ஆகியவற்றின் எண்ணிக்கைகளில் ஒழுங்கைத் தேடி, அதற்குச் சமூக இயற்பியல் என்று பெயரிட்டார். எர்ன்ஸ்ட் ஈசிங் 1925-இல் வெளியிட்ட காந்த மாதிரியில் ஒவ்வோர் அணுவும் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ நிற்கும். பக்கத்து அணுக்களைப் பார்த்துத் திரும்பும். 1982-இல் செர்ஜ் கலாமும் அவருடைய சகாக்களும் அதே வகைக் கணக்கைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பொருத்தினார்கள். 1995-இல் கொல்கத்தாவில் நடந்த மாநாட்டில்தான் யூஜின் ஸ்டான்லி பொருளாதார இயற்பியல் என்ற பெயரை முன்வைத்தார். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் இத்துறையில் ஆய்வுகள் நடந்துவருகின்றன. ஆகவே இது நம் மண்ணுக்கு அந்நியமான துறை அல்ல.

முதல் படி: கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

சமூகம் பற்றிய எல்லாக் கேள்விகளும் இயற்பியலுக்கு ஏற்றவை அல்ல. ஒரு குடும்பம் ஏன் நிலத்தை விற்றது என்று அறிய அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். சமன்பாடு அங்கே உதவாது. பலர் இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரை ஒருவர் பாதிக்க வேண்டும், விளைவை எண்ணிப் பார்க்க முடிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு கேள்விக்குப் போங்கள்.

கும்பகோணம் மகாமகக் கூட்டம் இந்த மூன்றுக்கும் பொருந்தும். 1992 மகாமகத்தில் நெரிசலில் பலர் உயிரிழந்தார்கள். அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. டிர்க் ஹெல்பிங்கும் பீட்டர் மோல்நாரும் 1995-இல் மனிதர்களுக்கிடையே விசைகள் செயல்படுவதாகக் கொண்டு கூட்ட நகர்வுக்கு ஒரு மாதிரி தந்தார்கள். வாசலை நோக்கி எல்லோரும் வேகமாக முண்டினால் வெளியேறுவது மெதுவாகிவிடும் என்பதை அந்த வழியில் 2000-இல் செய்த கணிப்பு காட்டியது. முக்கியமான ஆய்வுதான், ஆனால் தவறினால் உயிர்ச்சேதம். காவல்துறையோடும் மாநகராட்சியோடும் சேர்ந்தே செய்ய வேண்டும். தனி மாணவருக்குக் குறுவைதான் சரியான தொடக்கம்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "இந்த வாய்க்காலில் குறுவை போடும் முடிவு, தண்ணீரால் மட்டும் தீர்மானமாகிறதா, பக்கத்து வயலாலும் தீர்மானமாகிறதா?"

இரண்டாம் படி: எதை அளப்பது

மனிதரை அளக்காதீர்கள், வயலை அளங்கள். ஒருவருக்கு மூன்று இடத்தில் நிலம் இருக்கும். ஆற்றோரத்தில் குறுவை போட்டிருப்பார், வடிகால் பக்கம் போட்டிருக்க மாட்டார். குறுவை போட்ட வயலுக்கு +1, போடாததற்கு −1. இதற்கு மேல் நுணுக்கம் வேண்டுமென்றால் நாற்று விட்ட வாரம் அல்லது நேரடி விதைப்பு நடந்த வாரம். முதல் ஆண்டில் +1, −1 போதும்.

பரப்பைப் பதிவுசெய்யும்போது ஊர்க்காரர்கள் சொல்லும் மா, குழிக் கணக்கிலேயே எழுதி, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஏக்கரில் கேட்டால் தோராயமாகச் சொல்வார்கள். மாவில் கேட்டால் குழி வரைக்கும் துல்லியமாகச் சொல்வார்கள்.

மூன்றாம் படி: யார் யாரைத் தொடுகிறார்கள்

ஆய்வின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

பாடநூலில் அணுக்கள் சதுரக் கட்டத்தில் அடுக்கியிருக்கும்; நான்கு பக்கத்திலும் ஒரே மாதிரி அண்டை. படுகை அப்படி இல்லை. இங்கே குறைந்தது மூன்று வகைத் தொடர்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடுகின்றன. மூன்றையும் மூன்று நிற மையில் வரையுங்கள்.

முதலாவது வரப்புத் தொடர்பு. நாலாபுறமும் தரிசாகக் கிடக்க நடுவில் ஒருவர் மட்டும் குறுவை போட்டால், ஊரில் உள்ள எலி அத்தனையும் அந்த வயலுக்கு வரும். எத்தனை தஞ்சாவூர்க் கிட்டி (எலிப்பொறி) வைத்தாலும் தாங்காது. மேய்ச்சலுக்குத் திறந்து கிடக்கும் வெளியில் ஆடு மாடுகளைத் தடுப்பதும் அவர் ஒருவர் தலையிலேயே விழும். எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டால் சேதம் பங்கிடப்படுகிறது. இந்தத் தொடர்பு இருபுறமும் சமம்: நான் உன்னைப் பாதிக்கும் அளவுக்கு நீ என்னைப் பாதிக்கிறாய்.

இரண்டாவது ஆளும் இயந்திரமும். நடவு ஆட்கள் ஒரு குழுவாக வருகிறார்கள். அறுவடை இயந்திரம் இரண்டு மா வயலுக்காக ஊருக்குள் வராது. இங்கே இணைப்பு வரப்பால் அல்ல, ஒரே குழுவை அழைப்பவர்களுக்கிடையே.

மூன்றாவது தண்ணீர். இங்கேதான் காந்தத்தோடு உள்ள ஒப்புமை முறிகிறது. வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் மேல்மடைக்காரர் அதிகமாக எடுத்தால், கடைசியில் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் குறையும். கடைமடைக்காரர் என்ன செய்தாலும் மேல்மடைக்கு ஒன்றும் ஆகாது. பாதிப்பு ஒரே திசையில் மட்டும் ஓடுகிறது. ஈசிங் மாதிரியில் எழுதும் ஆற்றல் சமன்பாடு, இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று சமமாகப் பாதிக்கும் என்ற அடிப்படையில் நிற்பது. அதை அப்படியே எடுத்து வாய்க்காலுக்குப் பொருத்தினால் கணக்கு அழகாக வரும், ஆனால் கடைமடை விவசாயியின் வாழ்க்கை அதில் இருக்காது. தண்ணீர் அடுக்குக்கு ஆற்றல் சமன்பாடு எழுதாதீர்கள். "மேலே இத்தனை பேர் எடுத்தால் கீழே இவ்வளவு மிஞ்சும்" என்ற நேரடி விதியை எழுதுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அணுக்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். மனிதர்கள் அப்படி இல்லை. சொந்த நிலம், கோயில் நிலக் குத்தகை, வாய்மொழிக் குத்தகை என்று உரிமை பலவகை. பம்புசெட் வைத்திருப்பவருக்கு அணை திறக்கும் நாள் ஒரு செய்தி மட்டுமே. இல்லாதவருக்கு அதுதான் பருவம். வயலில் இறங்கி நடுபவர்களில் பலருக்குத் துண்டு நிலம்கூட இல்லை. 1968-இல் கூலிக்காகப் போராடிய ஊரில், கீழ்வெண்மணியில், 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட மண் இது. எல்லோரும் சமமான துகள்கள் என்று இங்கே எழுதுவது கணித எளிமையாக்கம் மட்டுமல்ல, உண்மைக்கு மாறான கூற்று. ஒவ்வொரு வயலுக்கும் எதிரே உரிமை வகை, பம்புசெட் உண்டா, மடையில் எத்தனையாவது இடம் என்ற மூன்றையும் கட்டாயம் எழுதுங்கள். தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த காத்லீன் கஃப், ஆந்த்ரே பெத்தேய் போன்றவர்களின் எழுத்துகளைப் படித்துவிட்டுக் களத்தில் இறங்குவது நல்லது.

நான்காம் படி: தரவு

மூன்று ஊற்றுகள் உண்டு. ஒன்றை மற்றொன்றால் சரிபார்க்க வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அடங்கலில் பயிர்ப் பதிவு இருக்கும். வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டான பசலி ஜூலை 1-இல் தொடங்குவதால், ஜூனில் நாற்று விட்ட குறுவை எந்தப் பசலியில் ஏறியிருக்கிறது என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஓராண்டு பிசகிவிடும்.

அடுத்தது செயற்கைக்கோள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 ரேடார் படங்கள் 2014 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. மேகம் அதற்குத் தடையில்லை. தண்ணீர் நிறுத்திய வயல் படத்தில் கருப்பாகத் தெரியும். பயிர் வளர வளர வெளுக்கும். ஒரு செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்பி வரும். படத்தின் கட்டம் 10 மீட்டர் என்பதால் ஒரு மா நிலத்துக்குச் சுமார் 13 கட்டங்கள் விழும். ஆனால் உண்மையான தெளிவு அதைவிடக் குறைவு. ஒரு மா துண்டுகளைப் படத்தை மட்டும் நம்பிக் குறிக்காதீர்கள். நடந்து போய்ப் பாருங்கள்.

மூன்றாவது, பேச்சு. "ஏன் குறுவை போட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள்; அதற்கு எல்லோரிடமும் தயாராக ஒரு பதில் இருக்கும். "உங்களுக்கு முன்னால் யார் யார் நாற்று விட்டிருந்தார்கள் ஐயா? அவர்கள் வயல் எந்த மடையில் இருக்கிறது? நடவுக்கு யாரை அழைத்தீர்கள்?" என்று கேளுங்கள். இவை நினைவில் இருக்கும் செய்திகள், சரிபார்க்கவும் கூடியவை. பெயர்களை நோட்டில் எழுத வேண்டாம், வயலுக்கு எண் கொடுங்கள். யார் வாய்மொழிக் குத்தகையில் உழுகிறார் என்ற செய்தி வெளியே போனால் அவருக்குப் பாதிப்பு வரலாம்.

ஐந்தாம் படி: அணையையும் அண்டை வீட்டாரையும் பிரித்தல்

பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்தவுடன் "ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்கிறார்கள்" என்று முடிவுகட்டுவதுதான் இத்துறையில் மிகவும் பரவலான தவறு. எல்லோருக்கும் ஒரே அணை. மேட்டூர்த் தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடுகிறது; எல்லோரும் அதைப் பார்த்தே நகர்ந்திருக்கலாம். இயற்பியல் மொழியில், காந்தத் துண்டுகள் ஒன்றையொன்று இழுத்துத் திரும்பினவா, வெளியே இருந்த பெரிய புலம் எல்லாவற்றையும் திருப்பியதா என்ற கேள்வி இது. பொருளியலாளர் சார்ல்ஸ் மான்ஸ்கி 1993-இல் இந்தச் சிக்கலை விரிவாக எழுதினார்.

படுகையின் அமைப்பே இதற்கு ஒரு வழி தருகிறது. இரண்டு வகை இணைகளைச் சேகரியுங்கள். வரப்பு ஒன்று, வாய்க்கால் வேறு: அருகருகே இருந்தும் வெவ்வேறு மதகிலிருந்து தண்ணீர் பெறும் வயல்கள். வாய்க்கால் ஒன்று, வரப்பு வேறு: ஒரே மதகிலிருந்து ஒரே நாளில் தண்ணீர் பெற்றும் தள்ளித் தள்ளி இருக்கும் வயல்கள். முதல் வகையில் ஒற்றுமை அதிகமென்றால் எலியும் ஆளும் இயந்திரமும் வேலை செய்கின்றன. இரண்டாம் வகையில் அதிகமென்றால் தண்ணீர்தான் காரணம். இரண்டு வயலையும் ஒரே ஆள் உழுதால் அந்த இணையை நீக்கிவிடுங்கள்.

கிடைத்த ஒற்றுமை தற்செயலா என்று பார்க்க, ஒவ்வொரு மதகின் கீழும் உள்ள +1, −1 குறிகளை அந்த மதகுக்குள்ளேயே சீட்டுக் குலுக்குவதுபோல மாற்றிப் போட்டு, ஒற்றுமையை மீண்டும் எண்ணுங்கள். கணினியில் ஆயிரம் முறை செய்யலாம். உண்மை வரைபடத்தின் எண், குலுக்கிய எண்களின் கூட்டத்துக்கு வெளியே தெளிவாக நின்றால் மட்டுமே அடுத்த படிக்குப் போங்கள். நிற்கவில்லையென்றால், அண்டையார் பாதிப்பு இந்த வாய்க்காலில் புலப்படவில்லை என்று எழுதுங்கள். அதுவும் முழுமையான ஆய்வு முடிவுதான்.

ஆறாம் படி: கையால் ஒரு மாதிரி

கணினியைத் திறப்பதற்கு முன் காகிதத்தில் செய்து பாருங்கள். மார்க் கிரானோவெட்டர் 1978-இல் தந்த வரம்பு மாதிரி இதற்குப் பொருத்தம். ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு எண் உண்டு: "இத்தனை பேர் போட்டால் நானும் போடுவேன்."

நூறு வயல்கள் என்று வைத்துக்கொள்வோம். வரம்புகள் 0, 1, 2 என்று தொடங்கி 99 வரை. வரம்பு 0 உள்ளவர் பம்புசெட் வைத்திருப்பவர். யாருக்கும் காத்திராமல் போடுகிறார். அதைப் பார்த்து வரம்பு 1 உள்ளவர் போடுகிறார், பிறகு 2, பிறகு 3. நூறு வயலும் பச்சையாகிவிடும். இப்போது வரம்பு 1 உள்ளவரின் எண்ணை மட்டும் 2 ஆக்குங்கள். முதல் ஆள் போடுகிறார். ஒருவர் மட்டும் போட்டதைப் பார்த்து இறங்க யாரும் இல்லை. நூறில் ஒன்றோடு நின்றுவிடுகிறது.

சராசரி வரம்பு முதல் கணக்கில் 49.5, இரண்டாவதில் 49.51. மக்களின் மனநிலையைச் சராசரியாக அளந்த எந்தக் கணக்கெடுப்பும் இந்த இரண்டு ஊர்களையும் வேறுபடுத்திக் காட்டாது. ஒன்றில் நூறு விழுக்காடு, மற்றொன்றில் ஒரு விழுக்காடு. தொடக்கத்தில் சொன்ன இரண்டு வாய்க்கால்களின் வேறுபாடு இப்படியும் வரலாம். குறுவைத் தொகுப்புத் திட்டம் போன்ற உதவிகளை வகுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு உதவி என்பதைவிட, வரிசையில் எந்த இடத்தில் இருப்பவருக்கு அது போய்ச் சேர்கிறது என்பது அதிக வித்தியாசத்தை உண்டாக்கக்கூடும்.

இதுவரை ஒன்றுசேர்க்கும் விசையை மட்டும் பார்த்தோம். பிரிக்கும் விசையும் இருக்கிறது. எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டால் அந்த வாரம் வாய்க்காலில் தண்ணீர் போதாது. எல்லோரும் ஒரே வாரத்தில் அறுத்தால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவியல் குவியலாக நெல் காத்துக் கிடக்கும். அது குறுவை அறுவடை, வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நேரம். நனைந்தால் ஈரப்பதம் ஏறும், மூட்டை திரும்பும். வரிசைக் கோட்பாட்டின் எளிய வடிவத்தில், நிலையத்தின் திறனில் பாதி அளவு நெல் வந்தால் ஒருவர் சராசரியாக ஒருவருடைய எடை போடும் நேரம் காத்திருப்பார். திறனில் 90 விழுக்காடு வந்தால் ஒன்பது மடங்கு. 95 விழுக்காட்டில் பத்தொன்பது மடங்கு. கடைசி ஐந்து விழுக்காடு காத்திருப்பை இரட்டிப்பாக்கிவிடுகிறது.

பாலித் தீவின் நெல் வயல்களில் இதே வகை இழுபறியை ஸ்டீபன் லான்சிங் பல்லாண்டு ஆராய்ந்தார். பூச்சி ஒன்றுசேர்க்கும், தண்ணீர்ப் பற்றாக்குறை பிரிக்கும். ஒவ்வொருவரும் தமக்கு அருகில் நன்றாக விளைந்தவரைப் பார்த்துப் பயிர்க் காலத்தை மாற்றிக்கொண்டாலே, வயல்கள் திட்டுத் திட்டாகத் தாமே ஒழுங்கமைகின்றன என்று 2017-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை காட்டியது. பாலியில் நீர்க் கோயில்களின் வழியே கூடிப் பேசும் பழக்கம் உண்டு. நம்மிடம் பெரிய அணையும் அரசு நாள்குறிப்பும் உண்டு. அந்த மாதிரியை அப்படியே கொண்டுவரக் கூடாது. வெளிப்புலத்தை, அதாவது அணையை, சேர்த்தால்தான் நம்முடையதாகும்.

ஏழாம் படி: கணினியில் ஓட்டுதல்

எக்செல் போதும், பைத்தான் தெரிந்தால் வேகம். ஒரு வரிசைக்கு ஒரு வயல். பத்திகளில் வரப்பு அண்டையர், ஆள் குழு, மடை எண், பம்புசெட், உரிமை வகை. ஒவ்வொரு வாரத்துக்கும் வயல்களைத் தற்செயல் வரிசையில் எடுத்து, விதியைப் பொருத்தி, குறியை மாற்றுங்கள். எல்லா வயல்களையும் ஒரே கணத்தில் மாற்றினால் சில நேரம் இல்லாத ஊசலாட்டம் தோன்றும். ஆகவே தற்செயல் வரிசையே நல்லது.

அளபுருக்கள் (மாதிரியில் நாம் மாற்றிப் பார்க்கும் எண்கள்) மூன்றுக்கு மேல் வேண்டாம்: அண்டையாரின் எடை, தண்ணீர் போதாது, கொள்முதல் வரிசை நீளும் என்ற அச்சம், தற்செயல். மூன்றாவது, இயற்பியலில் வெப்பநிலை செய்யும் வேலையைச் செய்கிறது. வீட்டில் கல்யாணம், திருப்பாத நகைக்கடன், உடல்நலக் குறைவு என்று நம் கணக்குக்குள் வராத அத்தனையும் அதில் அடங்கும். நான்காவது அளபுரு சேர்க்கத் தோன்றினால், எந்த வயல் உங்களை அதற்குத் தூண்டியது என்று முதலில் எழுதுங்கள்.

திட்டுகளின் அளவை மடக்கைத் தாளில் வரைந்து நேர்கோடு வந்ததும் அடுக்கு விதி (அளவு கூடக்கூட எண்ணிக்கை ஒரு நிலையான அடுக்கில் குறையும் விதி) கண்டதாக அறிவித்துவிடாதீர்கள். கண்ணுக்கு நேராகத் தெரியும் கோடுகளில் பல, முறையான சோதனையில் நிற்பதில்லை என்பதை கிளாசெட், ஷலிசி, நியூமன் மூவரும் 2009-இல் காட்டினார்கள். ஒரு கிராமத்தின் வயல்கள் அத்தகைய விதியை நிறுவப் போதவும் போதாது.

எட்டாம் படி: காலத்தால் சோதித்தல்

ஆய்வகத்தில் காந்தப் புலத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்போம். நமக்கு அந்தத் திருகைக் காவிரியே திருகிக் காட்டியிருக்கிறது. அணை 2019-இல் ஆகஸ்ட் 13, 2020, 2021 இரண்டிலும் ஜூன் 12, 2022-இல் மே 24, 2023-இல் ஜூன் 12, 2024-இல் ஜூலை 28 என்று வெவ்வேறு நாள்களில் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் குறுவை போட்ட வயல்களின் விகிதத்தைத் திறந்த நாளுக்கு எதிரே குறியுங்கள். பம்புசெட் வயல்களையும் ஆற்றுப் பாசன வயல்களையும் தனித்தனியே வரையுங்கள்.

கவனிக்க வேண்டிய இடம் 2020, 2021, 2023. திறந்த நாள் ஒன்றே. அதற்கு முந்தைய ஆண்டுகளின் வரலாறு வேறு. தாமதமான ஆண்டுக்குப் பின் வந்த 2020-இல் விகிதம் குறைவாகவும், நல்ல ஆண்டுகளுக்குப் பின் வந்த 2023-இல் அதிகமாகவும் இருந்தால், காந்தவியலில் தயக்கம் எனப்படும் நினைவு இங்கேயும் இருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. நடவு ஆட்கள் வெளியூர் போய்விட்ட கிராமம் தண்ணீர் வந்தவுடன் திரும்பிவிடாது. மூன்று புள்ளிகள் நிரூபணம் ஆகா. இருபது வாய்க்கால்களில் அதே வடிவம் வந்தால் நம்பலாம். நெல் விலை, அரசு உதவி, மழை ஆகியவையும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கும் என்பதால் அவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள்.

பிறகு வரப்போகும் பருவத்துக்கு, அணை திறக்கும் முன்பே, மூன்று வாய்க்கால்களுக்கு உங்கள் கணிப்பை எழுதித் தேதியிட்டு வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அதன் பக்கத்திலேயே "போன ஆண்டு எப்படியோ இந்த ஆண்டும் அப்படியே" என்ற எளிய கணிப்பையும் எழுதுங்கள். பருவம் முடிந்ததும் உங்கள் மாதிரி அந்த எளிய கணிப்பை வெல்லவில்லையென்றால், எவ்வளவு அழகான சமன்பாடாக இருந்தாலும் அதைக் கைவிட வேண்டும்.

இறுதியாக, வரைபடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கே திரும்பிப் போங்கள். மேல்மடைக்காரர், கடைமடைக்காரர், நடவுக் குழுவின் தலைவி மூவரிடமும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் கடைமடைக்காரர் பேசாமல் இருந்துவிடக்கூடும். எந்த அம்புக்குறி தவறு, எது விடுபட்டது என்று கேட்டு, அவர்கள் முன்னாலேயே திருத்துங்கள். திருத்திய இணைப்புகளோடு மாதிரியை மீண்டும் ஓட்டி, பழைய எண்களையும் புதிய எண்களையும் பக்கம் பக்கமாகக் கட்டுரையில் வெளியிடுங்கள்.